அடம்பன் பூத்த கதிரை

றோயின் சின்னப் பட்டா லொறி விடத்தல்தீவுக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி இருக்கும். கண்டல் காட்டுப் பக்கமிருந்து சேற்று மணத்தோடு காற்று வந்தது. அவர்கள் தேடி வந்த வீடு தெருவின் கடைசியில் இருந்தது. பெரிய ஓட்டு வீடு. கூரையில் பாதி உள்ளே இறங்கிவிட்டது. மீதிப் பாதியின் கீழே வௌவால் எச்சமும் இருட்டும் கிடந்தன. வீட்டுக்காரர் கனடாவில். வீட்டை இடிக்கப் போகிறோம், உள்ளே கிடக்கும் மரச்சாமான்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

றோயின் மனைவி நிறஞ்சலாவுக்கு இது பழகிய வேலை. கால் உடைந்த மேசை, கண்ணாடி போன அலுமாரி, கறையான் தொட்ட தொட்டில், எதுவானாலும் பேசாலையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோவாள். பழைய பெயின்றைச் சுரண்டி, ஓட்டைக்குப் புட்டி வைத்து, சாண்ட்பேப்பரால் தேய்த்து, அதன் மேல் பூவும் கொடியும் பறவையும் வரைந்து விற்பாள். பதினைந்து வருடமாக இதுதான் தொழில். மன்னார்த் தீவில் எந்த வீட்டிலாவது பூப்போட்ட பழைய அலுமாரி நின்றால், அது நிறஞ்சலாவின் கை என்று சனம் சொல்லும். அதைக் கேட்க அவளுக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. வேறொருவரின் கையைப் பற்றிச் சொன்னால் மட்டும் காது பொறுக்காது.

வீட்டுப் பூட்டின் திறப்பு பக்கத்து வீட்டு மனோன்மணியிடம் இருந்தது. அறுபது வயதிருக்கும். கதவைத் திறந்துவிட்டவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

ஒரு அலுமாரியும் இரண்டு பெட்டகமும் லொறியில் ஏறின. கடைசி அறையில், கதவுக்குப் பின்னால், ஒரு மடக்குக் கதிரை ஆணியில் தொங்கியது. மண்ணிறப் பெயின்றைத் தடிப்பாக, ஏனோதானோவென்று அப்பியிருந்தார்கள். பலகைகளின் இடுக்கெல்லாம் பெயின்ற் ஒழுகிக் காய்ந்திருந்தது. நிறஞ்சலா அதைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள்.

"அந்தக் கதிரையையும் எடுக்கிறியளோ, பிள்ளை?" என்றாள் மனோன்மணி.

"ஓம் அன்ரி. நல்ல தேக்கு. பிணைச்சல் மட்டும்தான் இறுகிப்போச்சு."

"கொண்டு போங்கோ." கிழவி சற்று நேரம் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "திருப்பிக் கொண்டு வரமாட்டியள் தானே?"

"கொண்டு போறதை ஆர் அன்ரி திருப்பிக் கொண்டு வாறது?" என்று றோய் சிரித்தான்.

மனோன்மணி சிரிக்கவில்லை.

---

நிறஞ்சலாவின் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, ஒரே ஒரு யன்னல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணல் வந்து ஈரப் பெயின்றில் ஒட்டாமலிருக்கக் கதவைச் சாத்திவைப்பாள். நடு மத்தியானத்திலும் உள்ளே அரை இருட்டாக இருக்கும். தின்னர் மணமும் மரத்தூளின் மணமும் சூட்டில் புழுங்கிக்கொண்டிருக்கும். வெளியே காற்றாலைகளின் இரைச்சல் ஓயாமல் கேட்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கதிரையைச் சுரண்டத் தொடங்கினாள். மண்ணிறம் பெரிய பெரிய செதிலாகக் கழன்று விழுந்தது. முதுகுப் பலகையில் ஓரிடத்தில் ஊதா தெரிந்தது. கொஞ்சம் கவனமாகச் சுரண்டினாள். ஊதா விரிந்தது. ஒரு இதழ். பிறகு ஒரு பூ.

மாலை நான்கு மணிக்கு முழுக் கதிரையும் அவள் முன்னால் நின்றது.

கடற்கரையில் படரும் அடம்பன் கொடி. ஆட்டுக் குளம்புபோல இரண்டாய்ப் பிளந்த இலைகள். ஊதாப் பூக்கள். வலக் காலில் தொடங்கிய கொடி இருக்கையைச் சுற்றி முதுகில் ஏறியிருந்தது. ஒவ்வொரு பூவின் தொண்டையிலும் ஒரு துளி இருட்டு. காற்று வீசினால் அசையும் என்று நினைக்க வைக்கும் இலைகள்.

பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட்டுக் கதிரையை மடக்கினாள். மடக்கும்போது இருக்கைப் பலகைகள் முதுகுப் பலகைகளின் இடைவெளிகளில் வந்து பொருந்தின. அதே கொடி இப்போது மொட்டும் கூம்பிய இலையுமாக மாறியிருந்தது. விரித்தாள். பூக்கள் மலர்ந்தன. மடக்கினாள். மொட்டாயின.

பதினைந்து வருடத்தில் எத்தனை மடக்குக் கதிரை அவள் கையால் போயிருக்கும்! இப்படி ஒன்று அவள் புத்தியில் தட்டியதே இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. ஆர் இது? எங்கே இருந்தாள்? அவள் பெண் என்று நிறஞ்சலாவுக்கு ஏனோ சந்தேகமே வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு றோய் வந்தான். கதிரையைக் கண்டதும் அப்படியே நின்றான்.

"நிறஞ்சி... இது நீர் கீறினதோ?" கிட்ட வந்து குனிந்து பார்த்தான். "சத்தியமாச் சொல்லுறன், நீர் செய்ததுகளில இதுதான் திறம். இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சு வச்சிருந்தனீர் இந்தக் கையை?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் போய்விட்டது.

"ஓம்," என்றாள். "நான்தான்."

பட்டறைக்குள் திடீரென்று ஓடிக்கொலோன் மணம் அடித்தது. நோயாளியின் நெற்றியில் தடவுவார்களே, அந்த மணம். றோய் கையில் போனை எடுத்துக் கதிரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மணக்கவில்லை போலும்.

---

மறுநாளே அபிசா பேசினாள். நானாட்டானைச் சேர்ந்தவள். தலைமன்னாரில் கடலோரமாக விருந்தினர் விடுதி ஒன்று கட்டி முடித்திருந்தாள். றோய் அனுப்பிய படம் அவளிடம் போயிருந்தது.

"மிஸ், எனக்கு இதே மாதிரி ஆறு கதிரை வேணும். மடக்கினா மொட்டு, விரிச்சா பூ. திறப்பு விழாவுக்கு விறாந்தையில வைக்கப் போறன். வாற மாசம் இருபதாம் திகதி. செய்து தருவியள் தானே?"

"ஏன் செய்யேலாது?" என்றாள் நிறஞ்சலா.

ஆறு பழைய மடக்குக் கதிரைகளை றோய் எங்கெங்கோ தேடிக் கொண்டுவந்தான். அவற்றைத் தேய்த்துத் தயார்ப்படுத்த அவனுடைய தங்கை டினோஜா வந்தாள். அதே வளவுக்குள் அடுத்த வீட்டில் இருப்பவள். முப்பது வயது. கணவன் கட்டாரில். நேரம் கிடைக்கும்போது மச்சாளுக்குக் கைகொடுப்பாள்.

டினோஜாவைப் பட்டறைக்குள் விடுவது நிறஞ்சலாவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. போன நத்தாருக்குக் கோயிலில் வைத்த இயேசு பாலன் குடிலுக்கான தொட்டிலின் விளிம்பில் டினோஜா விளையாட்டாக இலைக்கொடி வரைந்திருந்தாள். பங்குச் சுவாமி அந்த விளிம்பை விரலால் தொட்டு, "இது நல்ல வடிவு" என்றார். "அது நான் கீறினது, சுவாமி" என்று நிறஞ்சலா சொன்னாள். டினோஜா பக்கத்தில்தான் நின்றாள். அதற்குப் பிறகு அவள் கையில் பிரஷ்ஷைக் கொடுப்பதை நிறஞ்சலா நிறுத்திவிட்டாள்.

முதல் கதிரையில் கொடி வரைய நான்கு நாள் பிடித்தது. இலை இலையாகத்தான் இருந்தது. பூ பூவாகத்தான் இருந்தது. ஆனால் பழைய கதிரையின் பக்கத்தில் வைத்தால் சீத்தைத் துணியில் அச்சடித்த பூ மாதிரித் தெரிந்தது. மடக்கினால் மொட்டு வரவில்லை. வெட்டுப்பட்ட இதழ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

அவள் பழைய கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

சோறு தின்றுவிட்டு வந்தபோது அது அவளைப் பார்த்தபடி விரிந்து நின்றது.

காற்றாயிருக்கும் என்று நினைத்தாள். கதவும் யன்னலும் சாத்தியிருந்தன.

அடுத்த நாள் பெயின்ற் வாங்க மன்னார் ரவுனுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். பட்டறையைத் திறந்தாள். புதிதாக வரைந்து ஈரம் காயாமல் விட்டிருந்த பூக்கள் எல்லாம் அழிந்திருந்தன. ஒவ்வொரு பூவின் மேலும் யாரோ விரலை வைத்து, நிதானமாக, ஒரே ஒரு முறை இழுத்திருந்தார்கள். இலைகளை ஒன்றும் செய்யவில்லை.

நிறஞ்சலா நேரே அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"ஏன்டி இப்படிச் செய்தனீ? எரிச்சலோ உனக்கு?"

டினோஜா திகைத்துப் போய் எழும்பினாள். "நான் என்ன செய்தனான், மச்சாள்?"

"பூவெல்லாத்தையும் அழிச்சு வச்சிருக்கிறாய். ஆர் உள்ள போனது வேற?"

"நான் உள்ளயே போகேல்லை. பத்து மணிபோல வந்தனான், யன்னலால பாத்திட்டுத் திரும்பி வந்திட்டன்." டினோஜாவின் கண் கலங்கியது. "நீங்கள்தானே அந்தப் பழைய கதிரையில இருந்தனீங்கள். முதுகைக் காட்டிக்கொண்டு. கூப்பிட்டும் திரும்பேல்லை. கோவமாக்கும் எண்டு வந்திட்டன்."

பத்து மணிக்கு நிறஞ்சலா மன்னார் ரவுனில் கடை வாசலில் நின்றாள்.

---

பயம் வந்திருக்க வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. திரும்பிப் பட்டறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். முரட்டுச் சாண்ட்பேப்பரை எடுத்தாள். பழைய கதிரையைக் குப்புறக் கிடத்தி, முழங்காலால் அமுக்கிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள்.

ஒவ்வொரு பூவாகத் தேய்த்தாள். ஊதாத் தூள் பறந்து அவள் கண்ணிமையில், உதட்டில், பல்லில் ஒட்டியது. மரம் சூடேறியது. ஓடிக்கொலோன் மணம் மூச்சை அடைத்தது. அவளுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், யாரோ இளைப்பதுபோல ஒரு சத்தம். நெஞ்சு வருத்தக்காரர் படியேறிவிட்டு மூச்சு வாங்குவதுபோல.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தேய்த்தாள்.

பின்னேரம் கதிரை வெறும் மரமாகக் கிடந்தது. கொடியும் இல்லை, பூவும் இல்லை. கையைக் கழுவினாள். வலது உள்ளங்கையில் ஊதா போகவில்லை. தின்னர் போட்டுத் தேய்த்தாள். அப்படியும் போகவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள்.

கொடி இருந்தது.

வலக் காலில் தொடங்கி முதுகு வரை, ஒரு இலை குறையாமல் இருந்தது. முன்பு இல்லாத ஒரு மொட்டு கைப்பிடியில் புதிதாக முளைத்திருந்தது. விரலால் தொட்டாள்.

ஈரம்.

---

றோயிடம் சாமான் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஓட்டோ பிடித்துக் கதிரையோடு விடத்தல்தீவுக்குப் போனாள். மனோன்மணி படலையடியில் நின்றாள். கதிரையைக் கண்டதும் படலையை இழுத்துச் சாத்திக் கொழுக்கியைப் போட்டாள்.

"கொண்டு வரமாட்டியள் எண்டு சொன்னனீங்கள்."

"அன்ரி, எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. இது ஆரின்ர கதிரை?"

கிழவி ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "செலஸ்ரினா எண்டு பேர். இந்த வீட்டுக்காரன்ர தமக்கை. கலியாணம் கட்டேல்லை. நெஞ்சு வருத்தம், வெளியில போகமாட்டா. இந்தக் கதிரையில இருந்துகொண்டுதான் எல்லாம் கீறினவ. கோயில் கொடி, கலியாணப் பெட்டி, பிள்ளையளின்ர தொட்டில், எல்லாம். ஆனா ஊருக்கு அது அவவின்ர கை எண்டு தெரியாது."

"ஏன்?"

"தம்பியின்ர மனுசி, தான் கீறினது எண்டு சொல்லி வச்சிருந்தவ. சனம் வந்து மனுசியின்ர கையைப் பிடிச்சுப் புகழும். செலஸ்ரினா உள்ளறையில இருந்து கேட்டுக்கொண்டிருப்பா. மச்சாள்காரியோட என்னெண்டு சண்டை பிடிக்கிறது? அவ குடுக்கிற சோறுதானே." மனோன்மணி பெருமூச்சு விட்டாள். "கடைசியா இந்தக் கதிரைக்குத்தான் கீறினா. இதாவது தனக்கெண்டு. செத்தவீட்டுக்கு வந்த சனம் கதிரையைப் பாத்து வாயைப் பிளந்துது. பிரேதம் கிடக்க, அதுக்கு முன்னாலயே மனுசி சொன்னா, இதுவும் தன்ர வேலை எண்டு."

நிறஞ்சலாவின் வலது உள்ளங்கை அரித்தது. அதைச் சட்டையின் மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பிறகு?"

"செத்து முப்பத்தோராம் நாள் வர முன்னமே மனுசிக்கு வலக்கை விழுந்திட்டுது. கதிரையில பூ கூடிக்கொண்டே போச்சுது. பயத்தில பெயின்றை அப்பி மூடிப்போட்டு வெளிநாடு போட்டினம். இண்டைக்கும் அவவுக்கு ஆரோ சோறு தீத்தித்தான் விடுகினமாம்."

"அது என்ன கேக்குது, அன்ரி?"

"பேரைச் சொல்லச் சொல்லித்தான் கேக்குது. நாலு சனத்துக்கு முன்னால, இது செலஸ்ரினாவின்ர கை எண்டு. வேற ஒண்டும் கேக்கேல்லை. அது மனுசிக்கும் தெரியும்."

"அப்ப ஏன் அவ சொல்லேல்லை?"

"வாய் வரேல்லையாம்," என்றாள் மனோன்மணி.

---

திகதி பதினைந்து ஆகிவிட்டது. பூ அழிந்த முதலாவதையும் தேய்த்துவிட்டதில் ஆறு கதிரைகளும் வெறும் மரமாக நின்றன. றோய் காலையும் மாலையும் கேட்டான். அபிசா அழைப்பிதழ் அடித்துவிட்டாள். அதில் அடம்பன் கதிரையின் படம்.

பதினாறாம் திகதி மத்தியானம் நிறஞ்சலா பட்டறைக் கதவைச் சாத்தினாள். விடத்தல்தீவிலிருந்து திரும்பக் கொண்டுவந்திருந்த பழைய கதிரையை நடுவில் விரித்து வைத்தாள். அதன் முன்னால் முதலாவது வெறுங்கதிரையோடு தரையில் உட்கார்ந்தாள். வெளியே காற்று திடீரென்று விழுந்துவிட்டது. காற்றாலைகளின் இரைச்சலும் இல்லை.

"சொல்லுறன்," என்றாள் மெல்ல. "திறப்பு விழாவில, எல்லாருக்கும் முன்னால, உங்கட பேரைச் சொல்லுறன். இந்த ஆறையும் முடிச்சுத் தாங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பழைய கதிரை கிறீச்சிட்டது. யாரோ அதில் பாரமாகச் சாய்ந்ததுபோல.

ஓடிக்கொலோன்.

ஒரு குளிர்ந்த கை அவள் வலக்கையை மணிக்கட்டோடு பிடித்தது.

கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. கை பிரஷ்ஷை எடுத்தது. ஊதாவில் தோய்த்தது. இழுத்தது. ஒரே இழுப்பில் ஒரு இதழ். அவள் பதினைந்து வருடமாகத் தேடிய அந்த வளைவு, அந்தத் தயக்கமில்லாத முடிவு, அவள் விரல்களுக்குள்ளாலேயே ஓடியது. அதில் அவளுக்கு ஒரு பங்கும் இல்லை. அவள் பிரஷ்ஷுக்குக் கட்டிய கைப்பிடி மட்டும்தான்.

நான்கு நாள் மத்தியானமும் அப்படியே நடந்தது. கண்ணீர் வழிய வழிய அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தால் வந்த கண்ணீர் முதல் நாளோடு நின்றுவிட்டது. மற்றது எல்லாம் பொறாமை. இருட்டு அறைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த ஒருத்திக்கு, செத்த பிறகும், இது எப்படி இவ்வளவு இலேசாக வருகிறது?

ஆறாவது கதிரையின் கடைசி மொட்டு முடிந்ததும் பிடி தளர்ந்தது. காதோரத்தில் ஒரு மூச்சு. அவ்வளவு கிட்டத்தில் அவள் மயிர் அசைந்தது.

"பேர்."

---

திறப்பு விழாவுக்கு நல்ல சனம். சுவாமி வந்து ஆசீர்வதித்தார். அபிசாவின் உறவுக்காரர் நானாட்டானிலிருந்து வான் பிடித்து வந்திருந்தார்கள். நீண்ட விறாந்தையில் கடலைப் பார்த்தபடி ஆறு கதிரைகளும் வரிசையாக விரிந்து நின்றன. யாருக்கும் அவற்றில் உட்கார மனம் வரவில்லை. சுற்றி நின்று பார்த்தார்கள். சிறுபிள்ளைகள் மடக்கி மடக்கி விரித்தார்கள்.

நிறஞ்சலா சாறியின் முந்தானைக்குள் வலக்கையை மறைத்துக்கொண்டு நின்றாள். பேர் நாக்கின் நுனியில் இருந்தது. வரும் வழி முழுக்க அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். செலஸ்ரினா. நாலு எழுத்தோ ஐந்தோ. சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

அபிசா கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டாள். "இந்தக் கதிரையளைச் செய்தவ இவதான். பேசாலை நிறஞ்சலா மிஸ். மிஸ், எங்களுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேணும்."

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. அபிசாவின் தாய் முன்னால் வந்து அவள் இடக்கையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்தாள். வலக்கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"இந்தக் கையைக் கண்ணில ஒத்த வேணும், பிள்ளை," என்றாள். ஒற்றியும்விட்டாள். "உண்மையா இதெல்லாம் நீங்களோ?"

கூட்டத்துக்குள் டினோஜா நின்றாள். அவள் நிறஞ்சலாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிறஞ்சலா வாயைத் திறந்தாள்.

"ஓம்," என்றாள். "பதினைஞ்சு வருசப் பழக்கம்."

டக்.

வரிசையின் முதலாவது கதிரை தானாக மடங்கியது.

டக். இரண்டாவது. டக். மூன்றாவது.

ஒன்றன்பின் ஒன்றாக, ஆறும் மடங்கின. விறாந்தை முழுக்கப் பூக்கள் மொட்டாயின.

"சோளகம் எண்டா சும்மாவே!" என்று யாரோ சிரித்தார்கள். சிரித்தவரின் சாறித் தலைப்பு அசையாமல் தொங்கியது. கடல் கண்ணாடிபோலக் கிடந்தது.

அபிசாவின் தாய் திடீரென்று கையை விட்டாள். "பிள்ளை, உங்கட கை... ஐஸ் மாதிரி இருக்கு."

நிறஞ்சலா விரல்களை மடக்கப் பார்த்தாள். அவை மடங்கவில்லை. கை தோளிலிருந்து ஈரத்துணிபோலத் தொங்கியது. இடக்கையிலிருந்த கோப்பை நிலத்தில் விழுந்து உடைந்தது.

---

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். நரம்பில் பிழையில்லை, மூளையில் பிழையில்லை என்றார்கள். கட்டிலில் கிடந்தபடி அவள் றோயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான். பிறகு செய்ய வேண்டியதைச் செய்தான். அபிசாவிடம் போய்ச் சொன்னான். விறாந்தைச் சுவரில் செலஸ்ரினாவின் பேரெழுதிய சிறு பலகை ஏறியது. விடத்தல்தீவுச் சேமக்காலையில் அவளுடைய குழியைத் தேடிக் கண்டுபிடித்து, புல் செருக்கி, மெழுகுதிரி கொளுத்தினான். ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுத்தான். பழைய கதிரையைக் கோடாலியால் கொத்தி வளவின் மூலையில் எரித்தான். நிறஞ்சலா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சாதாரண மரம் எரிவதுபோலத்தான் எரிந்தது. கடைசித் தணலும் அவிந்து சாம்பலானது.

ஓடிக்கொலோன் மணம் அதற்குப் பிறகு வரவில்லை. வீடு அமைதியாகிவிட்டது. கை மட்டும் திரும்பவில்லை. றோய்தான் காலையும் இரவும் பிட்டைப் பிசைந்து தீத்தினான்.

சோளகம் ஓய்ந்து வாடைக் காற்று தொடங்கியது. வாங்கி வைத்த ஓடர்கள் இருந்தன. அவற்றை டினோஜா முடிக்கத் தொடங்கினாள். முதலில் தயங்கித் தயங்கித்தான். பிறகு ஓடர்கள் கூடின. மார்கழி பிறக்கும்போது வெள்ளாங்குளத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அலுமாரி எடுக்க வந்த ஒருவர் முற்றத்தில் நின்று றோயிடம், "குறை நினையாதேங்கோ, தங்கச்சியின்ர கையில வேற ஏதோ இருக்கு" என்று சொன்னது, யன்னலடியில் இருந்த நிறஞ்சலாவின் காதில் விழுந்தது.

அன்று மத்தியானம் அவள் எழும்பிப் பட்டறைப் பக்கம் போனாள். மாதக்கணக்காக அவள் அங்கே போகவில்லை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டினோஜா முதுகைக் காட்டிக்கொண்டு, யாரோ கொடுத்த பழைய கண்ணாடிச் சட்டமொன்றில் மயிலின் கழுத்தை வரைந்துகொண்டிருந்தாள். நல்ல மயில். நிறஞ்சலாவால் ஒருபோதும் வரைந்திருக்க முடியாத மயில்.

"அக்கா," என்றாள் டினோஜா, பிரஷ்ஷை நிறுத்தி. "கழுத்தில நீலம் கொஞ்சம் கூடவோ?"

கூடத்தான். பார்த்ததுமே நிறஞ்சலாவுக்குத் தெரிந்தது. பதில் சொல்ல வாயெடுத்தாள்.

டினோஜா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஏதோ கேட்டாள். மெல்லச் சிரித்தாள். "ம்... ஓம். அப்படியெண்டா பச்சை கலக்கிறன்."

டினோஜா அவளை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து மச்சாள்தான்.

பட்டறைக்குள் வேறு யாரும் இல்லை.

நிறஞ்சலாவின் நெஞ்சுக்குள் முதலில் ஏறியது பயமில்லை. நான்கு நாள் தன் கையைப் பிடித்திருந்தபோது அது தன்னோடு இப்படி ஒரு வார்த்தை பேசவில்லையே, எந்த நிறத்துக்கு எது என்று ஒன்றுமே சொல்லித் தரவில்லையே என்ற பழைய எரிவுதான் ஏறியது. விழுந்த கையை இடக்கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றாள்.

டினோஜா பச்சையில் பிரஷ்ஷைத் தோய்த்தாள். மறுபடியும் தலையைச் சாய்த்து, யாரோ காதுக்குள் சொல்வதைக் கேட்பதுபோலச் சற்று நேரம் அசையாமல் இருந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

"தெரியும் அக்கா," என்றாள். "வாசல்லதான் நிக்கிறா. நிக்கட்டும்."